மார்க்கெட் கட்ட பேரூராட்சி கடன் வாங்கியபோது

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். தினசரி மார்க்கெட்டை இடித்துக் கட்ட கடன் வாங்கியபோது கோப்பு முழுக்க என் மேசையில்தான் இருந்தது. அடுத்து இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உள்ளாட்சி தன் விருப்பத்துக்குக் கடன் வாங்க முடியாது. 1914-ல் வந்த உள்ளாட்சிக் கடன் சட்டம் இருக்கிறது, அரசின் அனுமதி வேண்டும். நாங்கள் போனது நகர உள்ளாட்சிகளுக்குக் கடன் தர 1990-ல் தொடங்கிய அரசு நிறுவனமான டுஃபிட்கோவுக்கு. மன்றத் தீர்மானம், மதிப்பீடு, தணிக்கை முடிந்த கணக்கு எல்லாம் தயாராகத்தான் இருந்தன.

முதல் சிக்கல் நிலத்தில் வந்தது. வரைபடத்தில் கடைசி வரிசை ஊருணிப் புறம்போக்கில் ஏறி நின்றது. எப்படியாவது சமாளிக்கலாம் என்றார்கள் சிலர். நான் ஒப்பவில்லை. நம் ஊர்களில் ஊருணிதான் உயிர். அந்த வரிசையையே வெட்டிவிட்டு வரைபடத்தைத் திருத்தினோம்.

அடுத்து கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல். வர வேண்டிய வாடகை எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று காட்டுவது அது. கடன் கிடைக்குமா என்பது கட்டட வரைபடத்தில் இல்லை, இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடை வாடகையிலிருந்துதானே தவணை கட்ட வேண்டும்! எங்கள் நிலுவையைப் பார்த்தால் யாரும் கடன் தரமாட்டார்கள். ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக இறங்கினேன். இரண்டு பேர் பழைய ரசீதை எடுத்துக் காட்டினார்கள். பணம் கட்டியிருக்கிறார்கள், எங்கள் பதிவேட்டில் வரவே ஏறவில்லை. அதைச் சரிசெய்யவே இரண்டு வாரம் ஆனது.

கருவாட்டு மேடை அப்பத்தா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "கூரை ஒழுகுது தம்பி. மழை பேஞ்சா சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு நிக்கிறேன். வாடகைக்கு மட்டும் வந்துர்றீக." சொல்லிக்கொண்டே சுருக்குப்பையை அவிழ்த்தார். நாலாக மடித்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். அன்று முழுக்க என் ரசீதுப் புத்தகத்தில் கருவாட்டு வாசம். அப்போதே முடிவு செய்தேன்: கடைகளைப் போலவே மேடைகளுக்கும் கூரை மதிப்பீட்டில் இருந்தாக வேண்டும். பொறியாளரிடம் மன்றாடித்தான் சேர்க்க வைத்தேன்.

தவணைக் கணக்கு போடும்போது எல்லாக் கடையும் வாடகைக்குப் போகும் என்று நம்பிவிடாதீர்கள். நாலில் ஒன்று காலியாகக் கிடக்கும் என்றே போட்டோம். தவணை தவறினால் மாநில நிதிக்குழு மானியத்தில் பிடித்துக்கொள்வார்கள். தெருவிளக்குக்கும் துப்புரவுக்கும் நம்பியிருக்கிற பணம் அது. மன்றக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகுதான் வாடகையை உயர்த்த ஒப்புக்கொண்டார்கள்.

பணம் மொத்தமாக வராது. முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் எம்-புக்கில் (அளவுப் புத்தகம்) வேலை ஏற ஏறத்தான் வரும். நம் பங்குத் தொகையை முதலிலேயே எடுத்து வைக்கவில்லை என்றால் ஒப்பந்ததாரர் வேலையை நிறுத்திவிடுவார். எங்களுக்கு ஒருமுறை நின்றது.

கடைகள் பொது ஏலத்தில் போயின. வாடகையைப் பொது நிதியில் கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் போடுகிறோம், தவணை அதிலிருந்தே போகிறது. கூரை போட்ட மூன்றாவது மேடையில் அப்பத்தா கருவாடு பரப்பியிருக்கிறார்.