கண்ணில் ஊசி என்றதும் எனக்குக் கை நடுங்கியது

சுகர் வந்து பல வருடமாகிறது. மாத்திரை விடாமல் போடுவேன். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் அளவு பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும். ஆனால் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை மட்டும் எட்டு சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு தெரிந்துவிடும். சாப்பிட்ட பிறகு ஏறி இறங்குவதெல்லாம் காலை அளவில் வராது, இதில் மாட்டிக்கொள்ளும். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "கண், கிட்னி, கால் மூன்றையும் பார்த்துவிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். எனக்கோ ஒரு தொந்தரவும் இல்லை. படிக்கிறேன், வண்டி ஓட்டுகிறேன். சரி, சொல்கிறாரே என்று போனேன்.

கண் ஆஸ்பத்திரியில் முதலில் எழுத்துப் பலகை. இடது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரை கடகடவென்று படித்தேன். வலது கண்ணை மூடியதும் கடைசி இரண்டு வரி கலங்கிப் போயிருந்தது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் எல்லாவற்றையும் சமாளித்துவிடுவதால், இது இத்தனை நாளாகத் தெரியவே இல்லை.

பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டார்கள். அரை மணி நேரத்தில் வெளிச்சம் கூசத் தொடங்கியது. இதற்குப் போகிறவர்கள் கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள், கருப்புக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்துக்கு எழுத்துத் தெரியாது, வண்டி ஓட்டவும் கூடாது. அப்புறம் ஓசிடி ஸ்கேன். தாடையை வைத்து உள்ளே தெரியும் குறியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். திரையில் விழித்திரையின் குறுக்குவெட்டு தெரிந்தது. வலது கண்ணில் நடுவில் பள்ளம் அழகாக இருந்தது. இடது கண்ணில் அந்த இடம் மேடிட்டு, உள்ளே கருப்புக் கருப்பாக நீர்ப்பைகள்.

சர்க்கரை அதிகமாகவே ஓடிக்கொண்டிருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் பலவீனமாகி, அங்கங்கே புடைத்துக் கசியும். அந்தக் கசிவு பார்வையின் மையமான மாகுலாவில் தேங்கினால் வீக்கம். போதிய ரத்தம் கிடைக்காத விழித்திரை ஒரு வளர்ச்சிப் புரதத்தையும் சுரக்கும். அது கசிவை இன்னும் கூட்டும், போகப்போக எளிதில் உடையும் புதுக் குழாய்களையும் முளைக்க வைக்கும். அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்தைத்தான் கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள்.

கருவிழியில் குத்துவார்கள் என்றே நினைத்துப் பயந்திருந்தேன். இல்லை. வெள்ளை விழியில், கருவிழி ஓரத்திலிருந்து கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் தள்ளிப் போடுகிறார்கள். மரத்துப்போகும் சொட்டு, அயோடின் சுத்தம், இமை மூடாமலிருக்க ஒரு சின்னக் கம்பி. "மேலே பாருங்கள்" என்றார்கள். ஒரு அழுத்தம், உடனே முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கண் உறுத்த ஆரம்பித்தது. அது அயோடினின் வேலை என்றார்கள். பார்வையில் ஒரு கரிய குமிழி மிதந்து மறுநாள் காணாமல் போனது. வெள்ளை விழியில் ரத்தச் சிவப்பாகத் திட்டு ஒன்று, பார்க்கிறவர்கள் பதறும்படி. அது தானாக மறையும். ஆனால் அடுத்த சில நாட்களில் வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஓடி வரவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கிருமி உள்ளே போவது அரிது, போனால் கண்ணே பறிபோகலாம்.

ஒரு ஊசியோடு தீராது என்பதைத்தான் பலர் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வதில்லை. முதலில் மாதாமாதம், பிறகு ஓசிடி பார்த்து இடைவெளியைக் கூட்டுவார்கள். எனக்கு வீக்கம் நன்றாக வடிந்து ஒரு வரி திரும்பிவிட்டது. கடைசி வரி இன்னும் வரவில்லை. இதற்கிடையில் கண் டாக்டர் சுகர் டாக்டருக்கு ஒரு குறிப்பு எழுதினார்: சர்க்கரையைத் தடாலடியாக இறக்க வேண்டாம், சில சமயம் விழித்திரை தற்காலிகமாக மோசமாகும். குறைக்கத்தான் வேண்டும், படிப்படியாக. இரண்டு டாக்டர்களும் பேசிக்கொண்டது எனக்குப் பெரிய நிம்மதி.

கிட்னி விஷயம் சுருக்கமானது. கிட்னி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் சரியாக இருந்தது, ஆனால் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் விகிதம் இயல்பு எல்லையான 30-ஐத் தாண்டியிருந்தது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி எல்லாம் அதை ஏற்றிவிடும் என்பதால் இடைவெளி விட்டு மறுபடி எடுத்தார்கள். அப்போதும் அதேதான். கிட்னியின் வடிகட்டி கசியத் தொடங்கி வெகுகாலம் கழித்துத்தான் கிரியாட்டினின் ஏறுமாம். கிட்னியைக் காக்கும் பிரஷர் மாத்திரை ஒன்று கூடியது.

கால்தான் என்னை உண்மையில் அசத்தியது. கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார்கள். வளையும்போது சரியாக 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் இழை. உணர்ந்தால் "ம்" சொல்ல வேண்டும். நான் அடுத்த தொடுதலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தேன். கட்டைவிரல் நுனியில் அவர்கள் ஏற்கெனவே தொட்டு முடித்திருந்தார்கள். சர்க்கரையால் கால் நரம்பு கெட்டால் சிலருக்கு எரிச்சல், சிலருக்கு மரத்துப்போகும். எரிச்சல் உள்ளவர் தூக்கம் வராமல் டாக்டரிடம் போய்விடுவார். மரத்துப்போனவருக்குச் சொல்ல ஒரு புகாரும் இருக்காது. செருப்புக்கடி புண்ணாகிச் சீழ் வைக்கும்வரை தெரியாமலே போகலாம்.

இப்போது இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன், ஷூவைத் தட்டி உதறிவிட்டுத்தான் போடுகிறேன். வெந்நீரைக் காலால் சோதிக்கக்கூடாது, கையால்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்கு ஓசிடி சொல்லும் தேதியில் போகிறேன். பாதத்தை இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும்.