ஃப்ரைபுர்க்: வெள்ளிக்கிழமை 11 மணிக்கு ஒரு மணியோசை

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்குக்குத் திருயாத்திரை போகிறவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. அன்னை மரியா பேராலயக் கோபுரத்தில் 11 மணிக்கு ‘ஹோசான்னா’ ஒலிக்கும். ஆண்டவரின் சிலுவை மரணத்தை நினைவூட்டும் மணி. 1258-இல் வார்க்கப்பட்டது, எடை மூன்று டன்னுக்கும் மேல். வியாழன் மாலை மூவேளை செபத்துக்குப் பின், கெத்சமனித் தோட்டத்தில் இயேசு பட்ட வேதனையை நினைத்தும் இதை ஒலிக்கிறார்கள். ஊர்க்காரர்கள் செல்லமாக ‘ஸ்பெட்ஸ்லே மணி’ என்கிறார்கள். இது கேட்டதும் ஸ்பெட்ஸ்லே என்ற மாவுப் பண்டத்துக்கு உலை வைப்பார்களாம். இதில் பக்திக் குறைவு ஏதும் எனக்குத் தெரியவில்லை.

கோயிலைச் சுற்றிக் காய்கறிச் சந்தை. கூட்டத்துக்கு நடுவே நின்று சிலுவை அடையாளம் வரைந்துகொண்டேன். கனத்த, கீழ்ஸ்தாயி நாதம். காதைவிட நெஞ்சுக்குத்தான் முதலில் எட்டுகிறது.

பீடத்தைவிட என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது கோபுரத்தடி முகமண்டபம். அதன் சிவந்த மணற்கல்லில் ரொட்டியின் அளவுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் 1270, 1317, 1320 என்று ஆண்டுகள். தானியம் மலிந்தால் ரொட்டி பெரிது, அருகினால் சிறிது. வாங்கியவர் சந்தேகப்பட்டால் இங்கே வந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தக் கோடுகளை விரலால் தடவியபோது, “எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்” என்று வாய் தானாகவே சொன்னது.

116 மீட்டர் உயரக் கோபுரம் 1330 வாக்கிலேயே முடிந்துவிட்டது. கொலோன், உல்ம் நகர ஆலயக் கோபுரங்கள் அந்த நிலையை எட்ட 19-ஆம் நூற்றாண்டு ஆயிற்று. பக்கத்து மலைகளில் கிடைத்த வெள்ளி இந்த ஊரைச் செழிக்க வைத்திருந்தது. உச்சிக் கூம்பு முழுவதும் கல்லில் பின்னிய சல்லடை வேலை. உள்ளே நின்று அண்ணாந்தால் வானம் தெரிகிறது.

1944 நவம்பர் 27 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. சுற்றியிருந்த தெருக்கள் கற்குவியலாயின. பேராலயமும் கோபுரமும் நின்றன. கண்ணாடி ஓவியங்களை முன்பே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். கோபுரம் தப்பியதை இறைவன் செய்த புதுமை என்பவர்கள் உண்டு. ஏறத்தாழ 2,800 பேர் மாண்ட இரவை அப்படி அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுதோறும் அதே நாளில் ஹோசான்னா அவர்களுக்காக ஒலிக்கிறது. நானும் அவர்களுக்காக ஒரு நித்திய இளைப்பாற்றி செபம் சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.