வானொலி மாஸ்ரரும் லண்டன் கோலிங்கும்

எங்கள் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் வானொலி மாஸ்ரர் காலமான செய்தி வந்த கிழமையே, மலருக்கு அவரைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டார். அவருடைய சைக்கிளைப் பற்றியும் வெள்ளை நஷனல் உடுப்பைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு அவரை நினைத்தால் ஓர் ஆங்கில பங்க் ரொக் இசைத்தட்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. தி கிளாஷ் குழு 1979 டிசெம்பரில் வெளியிட்ட 'லண்டன் கோலிங்'. அதை எப்படிக் கேட்பது என்று எனக்குப் பழக்கிவிட்டவர் அவர்தான். ஆகவே இரண்டையும் ஒன்றாகத்தான் எழுத முடியும்.

புலமைப்பரிசில் எடுத்து விடுதிக்கு வந்த கிராமத்துப் பிள்ளைகளில் நானும் ஒருவன். ஞாபகசக்தி நன்றாக இருந்ததால் பரிசளிப்பு விழாவின் ஆங்கிலப் பேச்சுக்கு என்னைத் தெரிந்தார்கள். மண்டபத்தில் ஒத்திகை. பால்கனியில் பெரிய வகுப்பு அண்ணன்மார். நான் வாய் திறந்ததும் மேலே சிரிப்பு எழுந்தது, பிறகு மண்டபம் முழுவதும் பரவியது. மாஸ்ரர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அவர்களை அதட்டுவார் என்று நினைத்தேன். தாளை என் கையிலிருந்து வாங்கி, கொழும்பிலிருந்து வந்திருந்த இன்னொரு பையனிடம் கொடுத்தார். "தம்பி, உனக்கு இன்னும் கேட்கத் தெரியாது. முதல் காதைத் திற. வாய் பிறகு." எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அந்த வார்த்தை இன்றும் எனக்கு வலிக்கிறது. வேறு விதமாகச் செய்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அன்று ஸ்ரடி மணி அடித்ததும் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு றேடியோ. பிபிசி உலக சேவை. இரைச்சலுக்குள்ளிருந்து அந்தக் குழலிசை, நேரம் காட்டும் பீப் ஒலிகள், 'இது லண்டன்' என்னும் குரல். தலைப்புச் செய்திகளை மட்டும் எழுதச் சொல்வார். எழுதியதைப் பார்த்துவிட்டு, "இப்ப பேசினவன் ஸ்கொட்லாந்துக்காரன், கவனிச்சியா? அதுக்கு முதல் பேசினவர் ஆபிரிக்கர்" என்பார். உலகப் போர்க் காலத்தில் 'லண்டன் கோலிங்' என்று சொல்லித்தான் அந்த ஒலிபரப்பைத் தொடங்கினார்கள் என்றும், ஐரோப்பாவில் ஒளிந்திருந்து அதைக் கேட்டவர்கள் பிடிபட்டால் தண்டிக்கப்பட்டார்கள் என்றும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். சாதாரண தரம் முடியும்வரை அந்த அறைக்குப் போய் வந்தேன்.

1984 இல் லண்டன். பகலில் படிப்பு, இரவில் பெற்றோல் செட்டில் வேலை. இரவு வேலையில் என்னோடு நின்றவன் தென் லண்டனின் பிரிக்ஸ்டனில் பிறந்தவன், ஜமேக்காப் பெற்றோரின் பிள்ளை. முதலில் அவன் போட்டுக் காட்டிய பாட்டு 'லண்டன் கோலிங்' இசைத்தட்டில் உள்ள 'தி கன்ஸ் ஒஃப் பிரிக்ஸ்டன்'. பாடுபவர் போல் சிமனன், குழுவின் பேஸ் கிற்றார்க்காரர், சிறு வயதில் பிரிக்ஸ்டனில் வளர்ந்த வெள்ளையர். கீழ்ச்சுருதியில் நடந்து வரும் அந்த பேஸ் ஒலி ஜமேக்காவின் ரெகே இசையிலிருந்து வந்தது. பொலிஸ் கதவை உதைத்து வந்தால் நீ எப்படி வெளியே வருவாய் என்று அந்தப் பாட்டு கேட்கிறது. 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டன் கலவரம் வெடிக்க ஒரு வருடத்துக்கு மேல் முன்பே இசைத்தட்டு வெளியாகிவிட்டது.

அப்புறம் கசெற்றை முதலிலிருந்து போட்டான். அந்தத் தலைப்புப் பாட்டு! கிற்றார் அணிவகுப்புப் போல வெட்டி வெட்டி வருகிறது, பேஸ் சேர்கிறது, குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரமரின் குரல் எழுகிறது. அணு உலைத் தவறு, பொய்க்கும் விளைச்சல், பெருக்கெடுக்கும் நதி. எல்லாம் தலைப்புச் செய்திகள். என் கை தானாகவே அவற்றை பில் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கிவிட்டது. பாட்டு முடியும்போது கிற்றார் மோர்ஸ் தந்தி போல விட்டுவிட்டு ஒலிக்கிறது. சிற்றலையில் நிலையம் தேடியவர்களுக்கு அந்த ஒலி புதிதல்ல. பிபிசியின் அந்த அறிவிப்பு வாசகத்திலிருந்துதான் பாட்டின் தலைப்பு வந்தது என்பதை நான் யாரிடமும் கேட்கத் தேவைப்படவில்லை.

பாட்டில் வரும் பயங்களும் உண்மையானவை. 1979 மார்ச்சில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நடந்தது. தேம்ஸ் பெருகினால் மத்திய லண்டன் மூழ்கும் என்ற அச்சத்தில் அப்போது நதித் தடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வந்திறங்கிய வருடம்தான் அதை முறைப்படி திறந்தார்கள்.

இந்த இசைத்தட்டு ஏன் இன்னும் பழசாகவில்லை என்று என் மகளும் கேட்டிருக்கிறாள். அது உருவான விதத்தில்தான் பதில் இருக்கிறது. 1979 கோடையில் குழுவின் நால்வரிடமும் மேலாளரும் இல்லை, புதுப் பாட்டும் அவ்வளவாக இல்லை. பிம்லிகோவில் ஒரு வாகனத் திருத்தகத்தோடு சேர்ந்த ஒத்திகை அறையில் நாள் முழுக்க இருந்தார்கள், இடையில் எதிரே போய்ப் பந்தடித்தார்கள். முதலில் வாசித்தது மற்றவர்களின் பாட்டுகளை: பழைய ரொக்கபிலி, ரெகே, ஸ்கா. வின்ஸ் டெய்லரின் 'பிராண்ட் நியூ கடிலக்', ஜமேக்காக் குழுவான தி ரூலர்ஸின் 'ரோங் எம் போயோ'. அப்படிக் கேட்டு, வாசித்து, உள்வாங்கிய பிறகுதான் சொந்தப் பாட்டுகள் கொட்டின. பங்க் என்றால் மூன்று கோர்ட், ஒரே வேகம் என்றிருந்த நேரத்தில் ஜாஸும் சோலும் பொப்பும் ஸ்பானிய உள்நாட்டுப் போரும் நடிகர் மொன்ட்கொமரி கிளிஃப்டின் சீரழிவும் ஒரே இடத்தில் வந்தன. ஆனால் எதுவும் இரவல் குரலாக இல்லை. முதல் காது, வாய் பிறகு.

அதற்காக எல்லாம் மாஸ்ரர் சொன்னபடியே நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஹைபரியில் வெசெக்ஸ் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு நடந்தபோது தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ் கதிரைகளைத் தூக்கி எறிந்தார், ஏணியைச் சுழற்றினார். 'கடிலக்' பாட்டில் வேகம் கூடிக்கொண்டே போகிறது, மறுபடி வாசிக்கிறேன் என்று டிரம்ஸ் வாசித்த டொப்பர் ஹெடன் கேட்டபோது, ரொக் அண்ட் ரோல் எல்லாமே அப்படித்தான் வேகமெடுக்கும் என்று ஸ்டீவன்ஸ் சொல்லி அதையே வைத்துக்கொண்டார். எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். என் மண்டபத்தில் அப்படி ஒருவர் நின்றிருந்தால் அந்தத் தாள் என் கையிலேயே இருந்திருக்கும்.

பத்தொன்பது பாட்டுகள் கொண்ட இரட்டைத் தட்டை ஒற்றைத் தட்டின் விலைக்கு விற்கவேண்டும் என்று கம்பனியோடு பிடிவாதம் பிடித்து வென்றார்கள். வாங்குகிறவனை மதித்த செயல் அது. 1978 இல் லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவாதத்துக்கு எதிரான பெரிய இசைக் கூட்டத்தில் வாசித்ததும் இவர்கள்தான். இரவு வேலை முடிந்து தெருவில் நடக்கும்போது கெட்ட வார்த்தை கேட்ட காலம் எங்களுடையது. அந்த ஊரிலேயே இப்படியும் நாலு பேர் இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

ஸ்ட்ரமர் அங்காராவில் பிறந்தவர், வெளிநாட்டுச் சேவை அதிகாரியின் மகன். ஒன்பது வயதளவில் விடுதிப் பள்ளியில் விடப்பட்டு, பெற்றோரை அபூர்வமாகவே கண்டு வளர்ந்தார். 'லொஸ்ற் இன் த சுப்பர்மார்க்கற்' பாட்டை, குழுவின் கிற்றார்க்காரர் மிக் ஜோன்ஸின் சிறு வயதை மனதில் வைத்து எழுதி, ஜோன்ஸையே பாடவைத்தார். ஆனால் வேலிக்கு அப்பால் இருப்பதைக் காணமுடியாத அந்தப் பிள்ளைக்குள் ஒரு விடுதிப் பையன் இருக்கிறான் என்றே எனக்குத் தோன்றும். சனிக்கிழமைப் பின்னேரங்களில் நம் டோமிற்றறி ஜன்னல்களில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஸ்ட்ரமர் 2002 டிசெம்பரில் இதயக் கோளாறினால் இறந்தார், ஐம்பது வயது. அந்த வருடம்தான், போரினால் மூடிக் கிடந்த யாழ்ப்பாணம் போகும் ஏ-9 பாதை திறந்திருந்தது. 2003 இல் ஊருக்குப் போனேன். மாஸ்ரர் ஓய்வு பெற்றிருந்தார், அதே வீடு, கூரையில் பாதி புதிது. போர் நடந்த தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டதைச் சொன்னார். பிள்ளைகள் முறை வைத்துச் சுற்றினார்களாம். ஒருவன் சுற்ற, மற்றவர்கள் தலைப்புச் செய்தி எழுதினார்களாம்.

நான் அந்தப் பாட்டின் வரிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார். "நல்ல செய்தி வாசிப்பு" என்றார். தேம்ஸ் உண்மையிலேயே பெருகியதா என்று கேட்டார். தடுப்பைப் பற்றிச் சொன்னேன். பரிசளிப்பு ஒத்திகையை அவர் மறந்திருந்தார். நானும் நினைவுபடுத்தவில்லை. எழும்பும்போது கேட்டார்: "இவ்வளவு கேட்டு வைச்சிருக்கிறாய். இஞ்ச வந்து நாலு பிள்ளையளுக்குச் சொல்லித் தரக் கூடாதா?"

அப்போது இங்கே வீட்டுக் கடன் இருந்தது, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். "பார்ப்பம் சேர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் அறையில் இருந்து கேட்கப் பழகிய நாங்கள் எல்லோரும் இன்று லண்டனிலும் டொரன்டோவிலும் சிட்னியிலும் இருக்கிறோம். எனக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு, எழுபது கடந்த வயதிலும், அவர் ஒருவரே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.