தாத்தாவின் ஐந்து தோட்டா ரிவால்வர்

மார்ச் 3

உரிமம் என் பெயருக்கு மாறி ஒரு வாரம் ஆகிறது, இன்றைக்குத்தான் சித்தப்பா பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். "ஸ்மித் அண்ட் வெஸன்டா, பத்திரம்" என்றார். முதல் வேலையாக மேல்தாழைத் தூக்கி, குழலைக் கீழே மடக்கி, தோட்டா போடும் அறைகளைப் பார்த்தேன். ஐந்தும் காலி. மடக்கும்போதே சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திரம் போல ஒரு துண்டு எழும்பி, முழுக்கத் திறந்ததும் டக்கென்று உள்ளே போய்விடுகிறது. சுட்டுமுடித்த காலி உறைகளை வெளியே தள்ள அந்த ஏற்பாடு.

நிக்கல் பூச்சு பாதி உரிந்துவிட்டது. விசையை இழுத்தால் அடிக்க வேண்டிய சுத்தியலில் உயிரே இல்லை, விரலால் தட்டினால் தொளதொளவென்று ஆடுகிறது. கைப்பிடித் திருகு இருக்க வேண்டிய இடத்தில் யாரோ மரச்சாமானில் போடும் ஒரு மரத்திருகைச் செருகி வைத்திருக்கிறார்கள். தாத்தாவாகத்தான் இருக்கும். எதையும் தூக்கிப் போடாத மனிதர்.

மார்ச் 5

இது ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி செய்தது இல்லை. அவர்கள் கைப்பிடியில் எஸ்ஸும் டபிள்யூவும் பின்னிக்கொண்டிருக்கும். இதில் கறுப்பு ரப்பரில் ஆந்தைத் தலை. இன்னொரு கம்பெனியான ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் என்றால் குறிபார்க்கும் வட்டப் பலகை இருந்திருக்கும். இப்படிக் கீலில் மடங்கும் ஐந்து தோட்டா ரிவால்வர்களை ஸ்மித் அண்ட் வெஸன் பெரிய அளவில் விற்கப்போய், அதே தோற்றத்தில் மலிவாகச் செய்ய அமெரிக்காவில் ஒரு கூட்டமே கிளம்பியது. தூரத்தில் பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

மார்ச் 9

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது குழலின் மேல்விளிம்பில் தேய்ந்த எழுத்துகள் தெரிந்தன. கடைசியில் இரண்டு சொற்கள் மட்டும் தெளிவு: 'சைக்கிள் ஒர்க்ஸ்'. துப்பாக்கியில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சிரித்துவிட்டேன். ஆனால் அதுதான் விடை. ஐவர் ஜான்சன்ஸ் ஆர்ம்ஸ் அண்ட் சைக்கிள் ஒர்க்ஸ், ஃபிட்ச்பர்க், மாசசூசெட்ஸ். நார்வேயிலிருந்து போய்க் குடியேறியவர் தொடங்கிய நிறுவனம், நிஜமாகவே சைக்கிளும் செய்தார்கள். 1901-இல் அமெரிக்க அதிபர் மெக்கின்லியைச் சுட்டதும் இவர்களுடைய .32 ரிவால்வர்தான். சித்தப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

இந்த வகைக்கு அவர்கள் வைத்த பெயர் 'சேஃப்டி ஆட்டோமேட்டிக்'. ஆட்டோமேட்டிக் என்றதும் நான் வேறு எதையோ தேடி இரண்டு மாலைகளை வீணடித்தேன். உறைகள் தானாக வெளியே வருவதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். சேஃப்டி என்பது இன்னும் சுவாரஸ்யம்: சுத்தியலின் முகம் தட்டை, தோட்டாவைக் குத்தும் ஊசி அதில் கிடையாது. ஊசி துப்பாக்கியின் சட்டத்துக்குள் தனியாக இருக்கிறது. விசையை முழுதாக இழுத்தால் மட்டும் இடையில் ஒரு சின்ன நெம்பு மேலே வந்து அடியை ஊசிக்குக் கடத்தும். அதனால் கீழே விழுந்தாலும் வெடிக்காது. 'சுத்தியலைச் சுத்தியலால் அடியுங்கள்' என்றே விளம்பரம் செய்தார்களாம். நல்ல மூளை.

மார்ச் 12

தோட்டா அளவு எங்கும் பொறிக்கவில்லை. வெர்னியர் அளவுகோலில் அறையின் வாய் கிட்டத்தட்ட 9.8 மில்லிமீட்டர். அப்படியானால் '.38 ஸ்மித் அண்ட் வெஸன்' என்று பெயர் வைத்த தோட்டா. இன்று எல்லாரும் சொல்லும் .38 ஸ்பெஷல் வேறு: அதன் உறை கொஞ்சம் ஒல்லி, ஆனால் நீளம், இந்தக் குட்டைச் சிலிண்டருக்குள் அடங்காது. போதாக்குறைக்கு இரண்டின் குண்டுமே .38 அங்குலம் இல்லை. ஒன்று 0.361, மற்றது 0.357. பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல.

மார்ச் 17

மரத்திருகைக் கழற்றி, கைப்பிடியைத் திறந்தேன். வரிசை எண் சட்டத்தின் இடப்பக்கம், கைப்பிடிக்கு அடியில். அதைவிட முக்கியம் உள்ளே கிடந்த, சுத்தியலைத் தள்ளும் மெயின் ஸ்பிரிங்: இரண்டு துண்டு. தட்டையான பட்டை ஸ்பிரிங், சுருள் இல்லை. இந்த ஒன்றிலேயே பாதி ஜாதகம் தெரிந்துவிட்டது. 1909-லிருந்து வந்த மாடலில் சுருள் ஸ்பிரிங், அது புகையில்லா வெடிமருந்தின் கூடுதல் அழுத்தத்துக்காக வலுப்படுத்தப்பட்டது. தட்டை ஸ்பிரிங் என்றால் அதற்கு முந்தியது, பழைய கறுப்பு வெடிமருந்துக்காகச் செய்தது. இப்போது கடையில் கிடைக்கும் தோட்டாவை இதில் போடக் கூடாது. இதைச் சுடப் போவதில்லை என்று இன்றே முடிவு. ஆனால் குறையோடு வைக்கவும் மனசில்லை.

ஏப்ரல் 2

பழைய பாகங்கள் விற்பவர் ஒருவரிடமிருந்து ஸ்பிரிங் வந்தது. சுருள்! 'ஐவர் ஜான்சன் .38' என்று மட்டும் எழுதிக் கேட்டது என் தப்பு, தட்டை என்று கேட்டிருக்க வேண்டும். திருப்பி அனுப்பினேன், அனுப்பும் செலவு என் தலையில். இந்த முறை உடைந்த துண்டுகளை வரைபடத்தாளில் வைத்துப் படம் எடுத்து, நீளம், அகலம், தடிமன், மேல்தாழின் படம் எல்லாம் அனுப்பியிருக்கிறேன். .32-க்கான சட்டம் சின்னது, அதன் பாகம் இதற்குச் சேராது என்பதையும் மறக்காமல் எழுதினேன்.

ஏப்ரல் 20

சரியான ஸ்பிரிங், வேறொரு பழைய ரிவால்வரிலிருந்து கழற்றியது. ஆனாலும் அப்படியே உட்காரவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொன்றையும் கையால் தேய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள், ஒன்றின் பாகம் இன்னொன்றுக்கு ஏறக்குறைய மட்டுமே பொருந்தும். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் பட்டையின் ஓரத்தை நீளவாக்கில்தான் தேய்த்தார், குறுக்கே கீறல் விழுந்தால் அங்கேயே முறியும் என்றார். அந்தப் பழைய முறிவைக் காட்டினேன். குறுக்கே ஒரு கோடு. இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நிக்கலுக்குப் புதுப் பூச்சு போடலாமா என்று கேட்டேன், வேண்டவே வேண்டாம் என்றார். எனக்கும் அது பிடிக்கவில்லை, கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். அம்மோனியா கலந்த துடைப்பு மருந்தும் கூடாதாம், பூச்சு உரிந்த இடத்தில் அடியில் செம்பு இருந்தால் அரித்துவிடும். எண்ணெயும் மெல்லிய துணியும் போதும்.

மே 6

ஸ்பிரிங் ஏறிவிட்டது. காலி அறைகளை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு சுத்தியலை மெதுவாகப் பின்னால் இழுத்தேன், இந்த முறை கட்டைவிரலை நன்றாகவே எதிர்த்தது. சித்தப்பா வந்திருந்தார். விசையை அழுத்தும்போது அந்த நெம்பு எழும்புவதைக் காட்டினேன். "இதுக்கா ரெண்டு மாசம்?" என்றார், அப்புறம் கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார்.

கைப்பிடித் திருகு இன்னும் கிடைக்கவில்லை. மரை இன்றைய அளவு எதற்கும் ஒத்துவரவில்லை, சட்டத்தில் புது மரை வெட்ட நான் விடமாட்டேன். பிசினில் வார்த்த புது ஆந்தைக் கைப்பிடிகள் விற்கிறார்கள், அவற்றோடு திருகும் வருமா என்று கேட்டிருக்கிறேன். அதுவரை தாத்தாவின் மரத்திருகுதான்.