நாய் படம் போட்ட பெட்டி

அமெரிக்கா என்றாலே குளிர் என்று நினைத்து, அத்தை இரண்டு கம்பளிச் சட்டைகளைப் பெட்டியில் திணித்து அனுப்பியிருந்தார். நியூ ஆர்லியன்ஸில் நாங்கள் இறங்கியது ஆகஸ்ட் மாதம். விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவு விலகியதும் முகத்தில் வந்து அப்பியது சோறு வடிக்கும்போது எழும் ஆவி மாதிரியான ஒரு காற்று. சட்டைகளில் ஒன்றை இன்னும் உறையிலிருந்து பிரிக்கவே இல்லை.

இவருக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. எனக்குச் சார்பு விசா. அதாவது வீட்டில் இருக்கலாம், கடைக்குப் போகலாம், சம்பளம் வாங்கக் கூடாது. தேவகோட்டைப் பக்கம் பன்னிரண்டு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இங்கே வந்து முதல் ஆறு மாதம் கடிகாரத்தோடுதான் சண்டை. இங்கே காலை பதினொன்றரை என்றால் ஊரில் இரவு பத்து. என் பகல் முழுக்க அவர்கள் தூங்குவார்கள்.

எங்கள் வீட்டை ஷாட்கன் வீடு என்கிறார்கள். உள்ளே நடைவழி கிடையாது. ஓர் அறைக்குப் பின்னால் இன்னோர் அறை, அதற்குப் பின்னால் இன்னொன்று. முன்வாசலில் நின்று சுட்டால் குண்டு கொல்லைவழியாகப் போய்விடும் என்று பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளிலும் தெருவாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். யாரும் சுட்டுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். இப்படி இரண்டு வீடுகளை தோளோடு தோளாக ஒட்டவைத்தது போன்ற ஒன்றில், இந்தப் பாதியில் நாங்கள். அந்தப் பாதியில் எண்பத்து நான்கு வயது அம்மா ஒருவர்.

இந்த ஊரில் பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை. பெயருக்கு முன்னால் ‘மிஸ்’ சேர்க்க வேண்டும். கல்யாணமாகி, விதவையாகி, பேரன் பேத்தி எடுத்தவருக்கும் மிஸ்தான். நானும் இங்கே மிஸ் என்று மட்டும் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். அவர் என்னைக் கூப்பிடுவது ‘பேபி’. காய்கறிக் கடைக்காரரையும் தபால்காரரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று தெரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

எங்களைச் சேர்த்து வைத்தது வெண்டைக்காய். இங்கத்து கம்போ குழம்பின் பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஓர் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் வழவழப்பு போகக் கூடாது, குழம்பைக் கெட்டியாக்குவதே அதுதான் என்பது மிஸ்ஸின் கட்சி. போயே ஆக வேண்டும் என்பது என் கட்சி. கொல்லைப்பக்க வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இதைப் பேசியே எனக்கு இங்கிலீஷ் சரளமாயிற்று.

ஒருநாள் வந்து சொன்னார்: “பேபி, என்னோடு வரவேண்டிய சிநேகிதிக்கு முழங்கால் வலி. டிக்கெட் வீணாகப் போகிறது. மியூசியத்தில் சாப்பாடும் பாட்டும்.” என்ன மியூசியம் என்றேன். இரண்டாம் உலகப் போர் மியூசியம் என்றார்.

யுத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பாட்டுக் கேட்பதா? எங்கள் வீட்டில் அந்த யுத்தத்துக்கு இருந்த இடம் வேறு. அப்பத்தாவுக்கு அதுதான் காலண்டர். “ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் எனக்குப் பத்து வயசு” என்பார். ஊரில் யாருடைய வயதைக் கேட்டாலும் அந்த வருடத்திலிருந்து கூட்டியோ கழித்தோதான் சொல்வார். கணக்குத் தப்பாது. 1941 டிசம்பர் 23இல் ரங்கூன்மேல் குண்டு விழுந்தபோது அவருடைய அப்பா அங்கே ஒரு வட்டிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். பர்மாவிலிருந்து அப்போது நடந்தும் கப்பலிலுமாக இந்தியாவுக்குத் தப்பிவந்தவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். ஆயிரக்கணக்கில் வழியிலேயே மலேரியாவிலும் காலராவிலும் பசியிலும் செத்துப்போனார்கள். அப்பத்தா குடும்பம் தம்மு வழியாக மணிப்பூருக்கு நடந்தது. ஐந்து பேராகக் கிளம்பி மூன்று பேராக வந்தார்கள். அதற்கு மேல் அப்பத்தா பேசமாட்டார். பேசினால் வேறொன்றைப் பற்றித்தான் பேசுவார். அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, போனோம். செயின்ட் சார்ல்ஸ் தெருவில் ஓடும் பச்சை டிராமில் ஏறி, இறங்கி, மெதுவாக நடை. இந்த ஊரில் ஏன் இவ்வளவு பெரிய போர் அருங்காட்சியகம் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். காரணம் படகு. ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் என்பவர் லூசியானா சதுப்பு நிலங்களில் எண்ணெய்க் கம்பெனிக்காரர்களும் வேட்டைக்காரர்களும் போய்வர, ஆழமில்லாத தண்ணீரில் தரைதட்டாமல் ஓடும் படகு செய்து விற்றவர். அதையே மாற்றி, முன்பக்கம் கதவாக விழுந்து 36 சிப்பாய்களைக் கரையில் இறக்கிவிடும் படகாக்கினார். 1944இல் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய நேச நாட்டுச் சிப்பாய்களில் பலர் அந்தப் படகுகளில்தான் இறங்கினார்கள். அதனால்தான் 2000 ஜூன் 6 அன்று, அந்தத் தரையிறக்கத்தின் நினைவு நாளில், இது ‘டி-டே’ அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. முழுப் போருக்குமாக விரிந்தது பிறகு.

மிஸ்ஸின் தாயார் ஹிக்கின்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். போர் உச்சத்தில் அங்கே 20,000 பேருக்கு மேல் வேலை. கறுப்பரோ வெள்ளையரோ, ஆணோ பெண்ணோ, ஒரே வேலைக்கு ஒரே கூலி. மிஸ் கறுப்பினத்தவர். “அம்மா வாழ்க்கையிலேயே நல்ல சம்பளம் அப்போதுதான்” என்றார். யுத்தம் முடிந்ததும் அந்த வேலையும் முடிந்தது.

பாட்டு நடக்கும் இடத்துக்கு ஸ்டேஜ் டோர் கேன்டீன் என்று பெயர். 2009இல் திறந்தது. பெயரை எடுத்தது நியூயார்க்கிலிருந்து. அங்கே 1942 மார்ச் 2 அன்று, 44வது தெருவில் ஒரு நாடகக் கொட்டகையின் நிலவறையில், நாடகக்காரர்கள் சேர்ந்து இதே பெயரில் ஒன்றைத் தொடங்கினார்கள். சீருடை போட்ட சாதாரணச் சிப்பாய்க்குச் சாப்பாடும் ஆட்டமும் பாட்டும் இனாம். அதிகாரிகளுக்கு இடமில்லை, மதுவும் கிடையாது. பெரிய நடிகைகள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு காபி பரிமாறினார்கள். சிவாஜியும் பத்மினியும் பந்தியில் சாம்பார் ஊற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கோழி.

அப்புறம் விளக்கு மங்கியது. மூன்று பெண்கள் வந்தார்கள். விக்டரி பெல்ஸ் என்பது அந்தக் குழுவின் பெயர். ஒரே மாதிரி உடுப்பு, செக்கச் சிவந்த உதடு, நெற்றிக்கு மேல் முடியை உருட்டிச் சுருட்டிக் குத்திய கொண்டை. எங்கள் மேஜை மேடையை ஒட்டி இருந்ததால் நடுவில் நின்ற பெண்ணின் கால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. காலுறையின் பின்பக்கம் குதிகாலிலிருந்து நேராக மேலேறும் ஒரு கறுப்புக் கோடு. மிஸ் என் காதருகே குனிந்தார். நைலான் எல்லாம் பாராசூட்டுக்குப் போய்விட்டதால், அவருடைய அத்தைகள் வெறும் காலில் புருவ மையால் அந்தக் கோட்டை வரைந்துகொண்டு நடனத்துக்குப் போவார்களாம். ஒருத்தி நாற்காலிமேல் ஏறி நிற்க, இன்னொருத்தி கோணாமல் வரைய வேண்டும்.

மூன்று குரலும் சேர்ந்தபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. நம் பாட்டில் ஒரு குரல் போன வழியிலேயே இன்னொரு குரல் போகும். இங்கே மூன்றும் வெவ்வேறு உயரத்தில் கிளம்பி, கைகோத்துக்கொண்டு ஓடுகின்றன. மினசோட்டாவில் பிறந்த ஆண்ட்ரூஸ் சகோதரிகள் மூவர் பிரபலமாக்கிய பாணி இது. 1941இல் வந்த அவர்களுடைய பாட்டு ஒன்றில், ராணுவத்துக்கு இழுத்துவரப்பட்ட ஜாஸ் எக்காளக்காரன் ஒருவன் விடியற்காலையில் மற்றவர்களை எழுப்பும் ஊதலையே ஆட்டப் பாட்டாக்கிவிடுகிறான். அதைப் பாடியபோது எனக்கும் கால் சும்மா இருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் படைகளின் பாட்டுகள். தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று வரிசையாக. தங்கள் படையின் பாட்டு வரும்போது அதில் இருந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். வியட்நாம் போனவர்கள், ஈராக் போனவர்கள் எழுந்தார்கள். கடற்படைப் பாட்டு வந்தபோது இரண்டு மேஜை தள்ளிச் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கிழவர் மேஜை விளிம்பைப் பிடித்து எழ முயன்றார். பேரன் போலிருந்தவன் தோளை அழுத்தி, உட்காருங்கள் என்றான். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். மேஜை விரிப்பு இழுபட்டு, கரண்டி கீழே விழுந்து, பாட்டு முடிய நாலு வரி இருக்கும்போது நின்றுவிட்டார். பாடிக்கொண்டே இறங்கிவந்த பெண் ஒருத்தி அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். உதட்டுச் சாயம் அப்படியே பதிந்தது. கிளம்பும்வரை அவர் துடைக்கவில்லை.

எனக்குக் கண் கலங்கியது. கூடவே சின்னக் கோபமும் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஐந்து பேராகக் கிளம்பி மூன்று பேராக வந்தவர்களுக்கு எழுந்து நிற்க ஒரு பாட்டுக் கூட இல்லையே என்ற கோபம்.

பாட்டு முடிந்து காட்சிக்கூடங்களுக்குள் போனோம். டோக்கியோவை நோக்கிய போரைச் சொல்லும் பகுதியில் சீனா-பர்மா-இந்தியாவுக்கும் ஒரு மூலை உண்டு. வரைபடத்தைப் பார்த்ததும் என்னையறியாமல், “என் அப்பத்தா இங்கிருந்து நடந்து வந்தவர்” என்றேன். மிஸ் கைத்தடியை ஊன்றி நின்றுவிட்டார். “பர்மாவிலிருந்தா? என் மாமா அங்கே ரோடு போட்டார், பேபி.”

அசாமின் லேடோவிலிருந்து பர்மா மலைகள் வழியாகச் சீனாவுக்கு அமெரிக்க ராணுவம் போட்ட சாலை அது. 1942 டிசம்பரில் தொடங்கி, முதல் லாரி வரிசை 1945 பிப்ரவரியில் குன்மிங் போய்ச் சேர்ந்தது. வேலை செய்த அமெரிக்கச் சிப்பாய்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அதில் உயிர்விட்டார்கள். மைலுக்கு ஓர் ஆள் என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள்.

திரும்பும்போது டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மிஸ் முன்னிருக்கையின் முதுகுப்பலகையைத் தடவினார். முன்பெல்லாம் இதன்மேல் ஒரு கட்டையைச் செருகி வைத்திருப்பார்களாம், கறுப்பர்கள் அதற்குப் பின்னால்தான் உட்கார வேண்டும் என்று. வெள்ளைக்காரர் கூட்டம் ஏறினால் கட்டையைத் தூக்கி இன்னும் பின்னால் வைத்துவிடுவார்கள். 1958இல்தான் எடுத்தார்கள். “நியூயார்க் கேன்டீனில் கறுப்புப் பையனும் போய் ஆடலாம். மாமா ரோடு போட்டுவிட்டு இந்த ஊருக்குத் திரும்பிவந்து, சீருடையோடு கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.” அப்படியானால் இந்தப் பாட்டுகள் எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டேன். “நல்ல பாட்டை எதற்கு அவர்களுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும்?” என்றார்.

இரண்டு நிறுத்தம் தாண்டியபின் தானாகவே பேசினார். மாமா பர்மாவைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்வாராம். காட்டை வெட்டிக்கொண்டு போகும்போது வழியெல்லாம் எலும்பு கிடந்ததாம். முதலில் ஜப்பான்காரன் என்று நினைத்தார்களாம். வளையலைப் பார்த்தபிறகுதான் தெரிந்ததாம்.

அப்பத்தா வந்த வழி அது இல்லை. அது இன்னும் வடக்கே, ஹுகாங் பள்ளத்தாக்கு. அதையும் சொன்னேன். மிஸ் தலையாட்டினார். பிறகு, அப்பத்தா என்ன சொல்வார் என்று கேட்டார்.

நாய் படம் போட்ட பெட்டியைப் பற்றித்தான் சொல்வார் என்றேன். ரங்கூன் வீட்டில் கட்டிலுக்கு அடியில் விட்டுவந்த கிராமபோன். வீடு போனதற்கோ நகை போனதற்கோ அவர் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. அந்தப் பெட்டியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். இசைத்தட்டு அப்போது அரக்கில் செய்தது, அரக்கு நம் நாட்டுச் சரக்கு. போரில் இந்தியக் கப்பல்கள் தடைப்பட்டதும் 1942இல் அமெரிக்கா தட்டுக்கான அரக்குக்குக் கட்டுப்பாடு போட்டது. சிப்பாய்களுக்கென்று 1943 முதல் அனுப்பிய வி-டிஸ்க் தட்டுகளை வினைலில் வார்த்ததற்கு அந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம். இதையெல்லாம் பிறகு நானே தேடிப் படித்தேன். கணக்கு டீச்சர் புத்தி, விடாது.

“என்ன பாட்டு வைத்திருந்தார்கள்?” என்றார் மிஸ். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

இரவு எட்டு மணிக்கு அத்தையைக் கூப்பிட்டேன். ஊரில் விடிந்திருந்தது, பின்னால் பால்காரர் மணி கேட்டது. கிட்டப்பா பாட்டா, அத்தை, இல்லை பாகவதரா? ஏதாவது சொல்லியிருப்பாரே, யோசித்துப் பாருங்கள் என்றேன்.

“பாட்டா?” என்றார் அத்தை. “அதெல்லாம் எங்க சொன்னா. அந்த நாய் ஒரு காதைச் சாச்சுக்கிட்டு உக்காந்திருக்குமாம், அதைத்தான் சொல்வா. ஆமா, அந்தக் கம்பளிச் சட்டையைப் போட்டியா இல்லையா?”