தாமத அபராதம்

ஐம்பதாம் ஆண்டு மலருக்கு ஒரு வரலாறு வேண்டும். நாற்பது பக்கம், மூன்று மாத அவகாசம். என்னிடம் சொல்லப்பட்டது இவ்வளவுதான். பழைய ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது என் தொழில். ஒரு சிறு சமூகத்தின் இளம்பெண்கள் மன்றத்திலிருந்து அழைப்பு வந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எந்த ஆண்டிலும் முப்பது பேருக்கு மேல் உறுப்பினர்கள் இருந்ததில்லை. வாரத்தில் ஒரு மாலை கூடுவார்கள், தைப்பார்கள், பாடுவார்கள், பந்து விளையாடுவார்கள், இருட்டுவதற்குள் கலைவார்கள். இதில் எழுத என்ன இருக்கிறது?

இரண்டு தகரப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. முதல் வாரம் முழுக்கத் துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்குவதிலேயே போயிற்று. ரப்பர் வளையங்கள் உருகிக் காகிதத்தோடு காகிதமாகியிருந்தன. செலோடேப் ஒட்டிய இடங்களில் பசை பழுப்பேறி, எழுத்தையும் சேர்த்து விழுங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரோ நல்லெண்ணம் கொண்டவர் முதல் ஆண்டுக் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் பிரித்து லேமினேஷன் செய்து வைத்திருந்தார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதத்துக்குச் சேதமில்லாமல் உரிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். வெள்ளிப்பூச்சியாவது மெதுவாகத் தின்னும்.

குறிப்பேடுகளைப் படிக்கத் தொடங்கினேன். சிறப்பு விருந்தினர் யார், அவர் ஒழுக்கத்தைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினார், யார் நன்றி கூறினார் என்பதெல்லாம் பக்கக்கணக்கில் இருந்தது. அதன் பின் நடந்தவற்றுக்கு ஒரே வரி: ‘உறுப்பினர்கள் பொழுதை இனிதே கழித்தனர்.’ அடுத்த வாரமும் அதே வரி. அதற்கடுத்த ஆண்டும் அதே வரி. எண்ணிப் பார்க்கத் தொடங்கி, நூற்றுப் பத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

வரலாறு என்றால் முன்கதை வேண்டுமல்லவா? முதல் அத்தியாயத்துக்காக உலகத்து இளம்பெண்கள் மன்றங்களைப் பற்றிப் படித்தேன். மாட் ஸ்டான்லி 1880இல் லண்டன் சோஹோ பகுதியில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஒரு மன்றம் தொடங்கியிருக்கிறார். இத்தகைய மன்றத்தை நடத்துவது எப்படி என்று 1890இல் புத்தகமே எழுதியிருக்கிறார். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குப் பெண்பிள்ளைகள் தாமாகவே வந்து நின்று, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். மறு ஆண்டே அவர்களுக்குத் தனி அமைப்பு உருவானது. 1912 மார்ச் 12 அன்று ஜூலியட் கார்டன் லோ அமெரிக்காவின் சவான்னா நகரில் 18 பெண்களோடு தம் பெண்சாரணர் அமைப்பைத் தொடங்கினார். அங்கே முதல் உறுப்பினராகப் பதிவானவர் அவருடைய சகோதரரின் மகள். அந்தப் பெண் அன்றைய கூட்டத்துக்கு வரவே இல்லை. பதிவேடுகளோடு குடும்பம் நடத்தும் எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முதல் வரியே இப்படியென்றால் மற்ற வரிகளை என்ன சொல்வது?

சிரித்தேனே தவிர, பாடம் கற்றுக்கொள்ளவில்லை. குறிப்பேட்டை அப்படியே நம்பி, நிறுவியவர்கள், தலைவிகள், கட்டடத் திறப்பு, விருந்தினர் உரை என்று முதல் வரைவை எழுதிக் கொடுத்துவிட்டேன். நிர்வாகக் குழுவுக்கு மெத்த மகிழ்ச்சி. எனக்கும்தான்.

மீதமிருந்தது வரவு செலவுப் புத்தகம். கணக்கு எனக்கு ஆகாது. அதனால் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். சந்தா, நன்கொடை, விளக்கு, துணி, நூல் என்று போய்க்கொண்டிருந்த பக்கங்களில் ‘தாமத அபராதம்’ என்றொரு தலைப்பு தட்டுப்பட்டது. கூட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் தாமதமானால் அபராதம். தொகை அற்பம். ஆனால் பெயர் வாரியாக எழுதியிருந்தார்கள். ஒரே பெண்ணின் பெயர் இரண்டு ஆண்டுகளாக ஏறத்தாழ வாரந்தோறும் வந்தது. எப்படிப்பட்ட சோம்பேறி இவள் என்றுதான் முதலில் தோன்றியது.

வருகைப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாமதமாக வந்தவர்கள் எப்போதும் அதே ஐந்தாறு பேர்தான். எல்லோரும் தம் வீட்டில் மூத்த பெண்கள். உறுப்பினர் சேர்க்கைப் படிவத்தில், உடன்பிறந்தோர் என்ற கட்டத்தில், அந்தப் பெயர்களுக்கு நேராக நான்கு, ஐந்து, ஒன்றில் ஏழு என்று எழுதியிருந்தது.

அதன் பிறகுதான் ஆட்களைத் தேடிக் கிளம்பினேன். பழைய உறுப்பினர்களைக் கண்டுபிடிப்பது லேசல்ல. திருமணத்துக்குப் பின் பெயரின் பின்பாதி மாறிவிடுகிறது. பதிவேட்டில் ‘விலகினார்’ என்ற ஒற்றைச் சொல்லோடு சுவடு நின்றுவிடுகிறது. எப்படியோ ஒன்பது பேர் கிடைத்தார்கள். ‘மன்றம் உங்களுக்கு உதவியாக இருந்ததா?’ என்று கேட்கக்கூடாது என்பது இந்த வேலையின் முதல் பாடம். கேட்டால், ஆமாம், மிகவும் உதவியாக இருந்தது என்பார்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நான் கேட்டது இதுதான்: ‘அந்த அறைக் கதவைத் திறந்ததும் முதலில் எது கண்ணில் படும்?’

ஒருவர் அலமாரி என்றார். ஒருவர் மூலையில் கிடந்த பந்து என்றார். இரண்டு ஆண்டு அபராதம் கட்டியவர் சற்று நேரம் பேசவில்லை.

‘கடிகாரம்,’ என்றார் பிறகு. ‘சின்னவர்களைக் கழுவி உட்கார வைத்து, தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுத்தானே கிளம்ப முடியும்? ஓடித்தான் வருவேன். கதவைத் திறந்தால் கடிகாரம்தான் என்னைப் பார்க்கும்.’

‘அபராதத்துக்குப் பணம்?’ என்றேன். வீட்டில் கேட்டிருக்க முடியாது என்பது தெரிந்துதான் கேட்டேன்.

அவர் சிரித்தார். ‘நான் ஒரு நாளும் கட்டவில்லை அம்மா. யார் கட்டினார்கள் என்றும் தெரியாது. பெயருக்கு நேரே பணம் வரவாகிவிடும்.’

அன்று இரவு கணக்குப் புத்தகத்தை மறுபடியும் திறந்தேன். வரவுப் பக்கத்தில் அபராதம் கூடிய வாரங்களில், செலவுப் பக்கத்தில் நூலின் விலை கூடியிருந்தது. அதே தேதி, அதே அளவு. அபராதம் இல்லாத வாரத்தில் நூல் பழைய விலைக்கே இறங்கிவிட்டது. மன்றத்தின் பணத்தையே நூல் என்று எழுதி வெளியே எடுத்து, அபராதம் என்று எழுதி உள்ளே போட்டிருக்கிறார்கள். கணக்கு ஒரு காசு பிசகாமல் நேராகியிருக்கிறது. ஆண்டுதோறும் தணிக்கை செய்த பெரியவர் ‘சரி’ என்று கையொப்பமிட்டிருக்கிறார். பொருளாளரின் வயதைப் படிவத்தில் பார்த்தேன். பதினைந்து.

முன்பு படித்த ஒன்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எம்மலின் பெத்திக்கும் மேரி நீலும் 1895இல் லண்டனில் ‘எஸ்பரான்ஸ்’ என்ற மன்றத்தைத் தொடங்கினார்கள். வந்தவர்களில் பலர் தையல் தொழிலாளிப் பெண்கள். பகலெல்லாம் ஊசியோடு குனிந்து கிடந்துவிட்டு வருகிறவளுக்கு மாலையில் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது என்பதை அந்த இருவரும் கண்டுகொண்டார்கள். மன்றத்தை ஒட்டியே ஒரு கூட்டுறவுத் தையற்கூடம் நிறுவி, வேலை நேரத்தை நாளுக்கு எட்டு மணி நேரமாக வைத்தார்கள். மன்றத்துக்குள் நடப்பதைச் சரிசெய்ய, மன்றத்துக்கு வெளியே கழியும் நேரத்தில் கை வைத்தார்கள். அந்த மன்றத்துப் பெண்கள்தான் பின்னாளில் இங்கிலாந்தின் பழைய நாட்டுப்புற நடனங்களை ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தவர்கள். ஆனால் அந்த நடனங்களின் மறுமலர்ச்சி என்றதும் நெடுங்காலம் முதலில் சொல்லப்பட்ட பெயர், அவற்றைத் தொகுத்த செசில் ஷார்ப்புடையது. மேரி நீல் பின்னுக்குப் போனார். தையற்காரப் பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விருந்தினர் உரைக்கு ஆறு பக்கம் ஒதுக்கியிருந்த நான் அதைப் பற்றிக் குறைப்பட என்ன இருக்கிறது?

இரண்டாம் வரைவில் விருந்தினர்களை ஒரே பத்தியில் அடக்கினேன். அபராதமும் நூலும் ஒரு முழு அத்தியாயம். குழுவில் பெரும் கலக்கம். ‘ஐம்பதாம் ஆண்டு மலரில் போய்க் கணக்கு முறைகேடா?’ என்று ஒருவர் கேட்டார். முறைகேடு என்ற சொல்லை நான் எங்கும் எழுதவில்லை என்றேன். வாசிப்பவர்கள் அப்படித்தானே எடுத்துக்கொள்வார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கிறார். அவர் சொல்லட்டும் என்று முடிவாயிற்று.

அந்தப் பொருளாளரை நான் அதுவரை சந்தித்திருக்கவில்லை. ஒன்பது பேரில் அவர் இல்லை. முகவரியைக் கொடுத்தவர் அபராதக்காரர்தான். இத்தனை ஆண்டுகளாக இருவரும் தொடர்பில் இருந்திருக்கிறார்கள்; அபராதத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கணக்குப் புத்தகத்தின் நகலை அவர் முன் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் போனார். ஒரு கூட்டலில் நின்று, மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

‘இதை மலரில் போடலாமா அம்மா?’

‘போடுங்கள்,’ என்றார். ‘ஆனால் அவள் பெயர் வேண்டாம். என் பெயரும் வேண்டாம். நூல் வாங்கினோம் என்றே போடுங்கள்.’