மூன்றாவது தடவை போகவில்லை

என் அக்கா மகளுக்கு ஏழு வயது. வீட்டில் வாய் ஓயாது. முக்கூடல் பக்கத்துக் கிராமம், அக்கா மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பாள், இவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்தபடியே தெருக்கதை முழுக்க ஆச்சியிடம் ஒப்பிப்பாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. ஒரு நாள் பாத்ரூம் போகணும் என்று கேட்க முடியாமல் இருந்த இடத்திலேயே பாவாடை நனைந்து, பையை மடியில் வைத்து மறைத்தபடி சாயங்காலம் வரை அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அக்கா அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பிடிவாதம் என்றார்கள். காரையாறு சொரிமுத்தையனார் கோயில் மணிவிழுங்கி மரத்தில் மணி கட்டினோம், ஆச்சிக்கு அதில் ஒரு தெம்பு. அப்புறம்தான் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே இருந்த டாக்டர் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கலர் பென்சிலையும் தாளையும் தள்ளி வைத்துவிட்டு எங்களிடம் பேசிக்கொண்டிருந்தார், கொஞ்ச நேரத்தில் அவள் வரைய ஆரம்பித்துவிட்டாள். "இது பயம், வீம்பு இல்லை. பேசு பேசுன்னு யாரும் கட்டாயப்படுத்தாதீங்க" என்றார். செலக்டிவ் மியூட்டிசம் என்று பெயரும் சொன்னார், ஒரு வகைப் பதற்ற நோயாம்.

இரண்டாவது தடவை வேறு டாக்டர். "வாயைத் திறந்து பேரைச் சொல்லு பாப்போம்." அவள் என் சேலையைப் பிடித்த பிடியில் நகம் தொடையில் பதிந்தது. மூன்றாவது தடவை அக்கா போகவில்லை. ரெண்டு பஸ் மாறிப் போய் வந்தால் ஒரு நாள் பீடி போச்சு, அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சட்டம் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, குழந்தைகள் உட்பட யாரும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் அலையக் கூடாது, வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சேவை கிடைக்க வேண்டும் என்கிறது. பிள்ளைகளின் உடல்நலத்தைச் சோதிக்கிற மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கே டாக்டர் குழு வருகிறது, ஆனால் 2013இல் போட்ட 30 குறைபாடுகளின் பட்டியலில் ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, பதற்ற நோய்க்கென்று ஓர் இடமில்லை. 2015-16இல் பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டிலும் நடந்தது. அதன் தேசிய அறிக்கை, 13 முதல் 17 வயதுக்காரர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு என்றது. அந்த வயதுக்குக் கீழே அவர்கள் கணக்கெடுக்கவே இல்லை. எங்கள் பிள்ளை எந்த எண்ணிக்கையிலும் இல்லை, எண்ணாத பிள்ளைக்கு யார் டாக்டர் போடுவார்கள்?

அதனால் ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் நான் கேட்பது, எத்தனை பிள்ளைகளுக்கு நோய் என்பதோடு நிறுத்தாதீர்கள், முதல் தடவை வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாவது தடவை வந்தார்கள் என்று மாவட்டவாரியாக எண்ணுங்கள், வராமல் நின்றுபோன தாய்மாரின் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேளுங்கள். அரசாங்கத்திடம் கேட்பதும் பெரிசில்லை. பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையங்களில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், அதே இடத்தில் வாரத்தில் ஒரு நாள் குழந்தை மனநலம் படித்த ஒருவரை உட்கார வையுங்கள். ஆளை மட்டும் மாற்றாதீர்கள்! ஒரு முகத்தைப் பழகவே இந்தப் பிள்ளைகளுக்கு மாசக்கணக்காகும்.

இந்த வருஷ டீச்சர் நல்லவர், விஷயத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார். வருகைப் பதிவுக்கு அவள் கையைத் தூக்கினால் போதும், வேறு எதுவும் வேண்டுமென்றால் பக்கத்துப் பிள்ளை காதில் சொல்லலாம்.

ஆஸ்பத்திரிச் சீட்டை அக்கா பீடி பாஸ்புக்கோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறாள். வருகிற செவ்வாய்க்கிழமை நானே லீவு போட்டுக் கூட்டிப் போகிறேன். அந்த முதல் டாக்டர் அன்றைக்கு இருப்பாரா என்று கேட்டுக்கொள்ள, சீட்டில் ஒரு போன் நம்பர்கூட இல்லை.